வால்வ ஆஃப் பண்ணாதீங்க

வணக்கங்க. நான் ராயபுரம், டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். இன்னிக்கு டாமி ஃப்ளவர்ஸ்னு ஒரு இங்கிலாந்து டெலிபோன் இன்ஜினியரப் பத்தி பேசணும், எங்க லைன்லயே முக்காவாசி பேருக்கு இவரத் தெரியாது, அது எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

1905ல கிழக்கு லண்டன் பாப்ளர்ல பொறந்தவர், நம்ம காசிமேடு ராயபுரம் மாதிரியே ஹார்பர ஒட்டின ஏரியா, அப்பா கொத்தனார். அப்ரண்டிஸா இருந்துகிட்டே சாயங்காலம் காலேஜ் போய் படிச்சு, 1926ல அங்க டெலிபோன பாத்துக்கிட்ட தபால் இலாகால சேர்ந்தார்.

பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது மெஷினே போன் லைன இணைக்கற இடத்துல, டூட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும், யாராவது டயல் சுத்தினா ரேக்ல செலக்டர்ங்கற இணைப்புக் கருவி டக்டக்குனு ஏறித் திரும்பும், காலைல பத்து மணிக்கெல்லாம் தகரக் கூரைல மழை பேஞ்ச மாதிரி இருக்கும், பக்கத்துல பேசறது கேக்காது. அந்த செலக்டருக்கு பதிலா வால்வு, அதாவது பழைய ரேடியோக்குள்ள இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழாய், அத போட்டா என்னன்னு 1930கள்லயே செஞ்சு பார்த்தவர் ஃப்ளவர்ஸ்.

அப்புறம் உலகப்போர். ஜெர்மன்காரன் லோரன்ஸ்ங்கற சங்கேத மெஷின்ல அனுப்பற ரகசியத்த உடைக்க, இங்கிலாந்தோட ரகசியம் உடைக்கற இடமான ப்ளெட்ச்லி பார்க்ல ஒரு மெஷின் இருந்துச்சு, ஆனா அதுல ரெண்டு பேப்பர் டேப் ஒரே வேகத்துல ஓடணும், ஓடாது, கிழியும். ஒரு டேப்பே போதும், இன்னொண்ணுல இருக்கறத வால்வுலயே வச்சிடலாம், சுமார் 1600 வால்வு வேணும்னார் இவர். அத்தனை வால்வா, தினம் ஒண்ணு போயிட்டே இருக்குமேன்னு அங்க சந்தேகப்பட்டாங்க. எங்க வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் வருது, போட்டதும் பாடாது, உள்ள இழை மெல்ல சிவக்கணும், பழுதானா பெரும்பாலும் ஸ்விட்ச் போடற அந்த நொடிதான். போட்ட வால்வ ஆஃப் பண்ணாம விட்டா வருஷக்கணக்கா ஓடும், எக்ஸ்சேஞ்ச்காரனுக்கு அது அனுபவம், ஏன்னா எக்ஸ்சேஞ்சுக்கு லீவே கிடையாது.

பிடிவாதமா கட்டினார், கைக்காசும் போட்டார். 1944 ஆரம்பத்துல கொலோசஸ்னு பேர் வச்ச அந்த மெஷின் ப்ளெட்ச்லிக்கு வந்து சேர்ந்துச்சு, நொடிக்கு 5000 எழுத்து படிச்சுது.

போர் முடிஞ்சப்புறம் கொலோசஸ் பத்தின பேப்பர் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. அத்தனை ட்ராயிங்கையும் அவரே கொண்டுபோய் பாய்லர் நெருப்புல போட்டு எரியறத பார்த்துக்கிட்டு நின்னார், எனக்கு இதச் சொல்லும்போதே தொண்டை அடைக்குது. பின்னால அதே மாதிரி மெஷின் கட்ட பேங்க்ல லோன் கேட்டார், இதெல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு குடுக்கல. நான் ஏற்கனவே கட்டியிருக்கேன்யான்னு சொல்ல அவருக்கு வாய் இல்ல, ரகசியம். 1970கள்லதான் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சு, அப்ப அவர் ரிட்டையரே ஆயிட்டார்.