கையிலேயே தெளியும் முகம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்ரூடியோவில் எடுத்த குடும்பப் படம் ஒன்று நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்கும். நான் பேச வந்தது வேறு படம். எடுத்த உடனேயே கமராவிலிருந்து வெளியே வந்து கையிலேயே தெளியுமே, பொலரொயிட், அது.

1943 இல், இந்தக் கமராவைக் கண்டுபிடித்த அமெரிக்கர் எட்வின் லாண்டின் சின்ன மகள், எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க ஏலாது என்று கேட்டாளாம். 1947 இல் அவர் அதைச் செய்தே காட்டினார். அடுத்த வருடம் கமரா கடைக்கு வந்தது.

இதை விளையாட்டுச் சாமான் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. முகத்தை எடுப்பதற்கு இதைப்போல இன்னொன்று இல்லை. எடுத்தவரும் இருந்தவரும் ஒரே நேரத்தில் படத்தைப் பார்க்கிறார்கள். இது முக்கியம், ஒரே நேரத்தில்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயதான அம்மா ஒருவரைத் திண்ணையில் இருத்தி எடுத்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் கமராவைக் கண்டதும் வாயைத் துடைத்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, அடையாள அட்டைப் படத்துக்கு இருப்பதுபோல விறைத்துப்போனார். படம் வந்தது. வெறும் வெளிறல். "என்ன மனே, ஒண்டையும் காணல்ல?" பொறுங்க அம்மா என்றேன். சேலைக் கரை தெரிந்தது. மறுகா மூக்கு, கடைசியில் கண். உற்றுப் பார்த்தவர், "இது நானில்ல, ஆருக்கோ பயந்த பொம்பிள" என்றார். அப்புறம் அவரே வெற்றிலைத் தட்டத்தை மடியில் எடுத்து வைத்து, பாக்கு வெட்டிக்கொண்டே "இப்ப எடு" என்றார். அந்தப் படத்தைத் தான் வைத்துக்கொண்டு, விறைத்த முகத்தை எனக்குத் தந்தார்.

அமெரிக்காவில் எல்சா டோர்ஃப்மன் 20 அங்குலத்துக்கு 24 அங்குலப் படம் தருகிற பெரிய பொலரொயிட் கமராவில் ஆட்களை எடுத்தார். இரண்டு படம் எடுப்பார். வந்தவர் பிடித்ததைக் கொண்டுபோவார், மற்றது அவரிடம் தங்கும். எந்த முகம் தன்னுடையது என்று தீர்மானிக்கிறவர் படத்தில் இருப்பவர்தான். போனில் நூறு எடுத்து நாமே ஒன்றைப் பொறுக்கும்போது இது நடப்பதில்லை. ஒரே நேரத்தில் பார்ப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

கறுப்பு வெள்ளைப் பிலிமைப் பற்றியும் சொல்ல இருந்தேன், நேரம் போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெப்பம் 28 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் கலர் பிலிம் மஞ்சளும் சிவப்புமாகத் திரும்பும், நம்மூர் வெயிலைக் கேட்கவே வேண்டாம். காலையில் எடுங்கள். வந்த படத்தை உதறாமல் நிழலில் கால் மணித்தியாலம் கவிழ்த்து வையுங்கள். வணக்கம்.