ஊசி அறையில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, கூப்பிட்டவுடன் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, மடியில் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கத்தாருக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்பார்கள். வீட்டில் கொண்டாடுகிறோம், பள்ளி ஆண்டு விழாவில் கொண்டாடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பழமொழி செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது. வலியைக் குறைக்க வழி இருந்தால் குறைக்காமல் விடக்கூடாது. விவரம் தெரிந்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் உடம்பில் கை வைக்கக்கூடாது.

முதலாவதற்கு என் பேரன் கதையே போதும். அப்போது அவனுக்கு நாலு வயது. காய்ச்சல் விடவில்லை, ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். "டாக்டர் மாமா சும்மா கையைத் தொட்டுப் பார்ப்பார்" என்று சொல்லிக் கூட்டிப்போனது நான்தான். என் மகளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள், காலைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். ஒருவர் தோளை அழுத்த, இன்னொருவர் நரம்பு தேடினார். மூன்று தடவை குத்திய பிறகுதான் ரத்தம் வந்தது. அவன் "வலிக்குது" என்று கத்தவில்லை. "தாத்தா பொய் சொல்லிட்டாரு, தாத்தா பொய் சொல்லிட்டாரு" என்றே கத்தினான்.

காய்ச்சல் சரியாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து முடிவெட்டக் கூட்டிப்போனேன். கடைக்காரர் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் போர்த்தினார், அவ்வளவுதான், பிள்ளை நாற்காலியிலிருந்து குதித்துத் தெருவில் ஓடினான். நான் ஓட, கத்தரியும் கையுமாகக் கடைக்காரர் ஓட, பேருந்து நிறுத்தத்தில் போய்ப் பிடித்தோம். உடம்பெல்லாம் நடுங்கியது. "இங்கே ஊசி போடமாட்டாங்கடா" என்றேன். "அன்னைக்கும் நீ அப்படித்தான் சொன்ன" என்றான்.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே. நான் அன்று கொண்டாடவில்லை, காலைப் பிடித்தேன்.

அடுத்து, வலி. 1980கள் வரை பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று பெரிய பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அறுவை சிகிச்சைக்குக்கூட வலி மருந்து சரியாகக் கொடுக்காத காலம். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர் ஆக்ஸ்போர்டில் குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார். வலி மருந்து கொடுத்த குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறுவதை 1987இல் எழுதிக் காட்டினார். பச்சைப் பிள்ளைக்கு வலிக்கும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும், அதற்கும் ஒரு ஆராய்ச்சி தேவைப்பட்டது.

தடுப்பூசி வலியைப் பற்றி 2015இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. தாயோ தகப்பனோ கூடவே இருக்கட்டும், சின்னப் பிள்ளையை மடியில் வைத்துப் பிடிக்கட்டும், பால்குடிக் குழந்தை ஊசிக்குச் சற்று முன்போ போடும்போதோ பால் குடிக்கட்டும். இதற்கெல்லாம் மருந்துச் செலவு உண்டா? உட்கார ஒரு நாற்காலி வேண்டும். நம் ஊர் சுகாதார நிலையத்து ஊசி அறையில் அது இல்லை. தாய்மார்கள் நின்றுகொண்டேதான் பிள்ளையை நீட்டுகிறார்கள்.

1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் பேச்சுக்கும் மதிப்பு கொடு என்கிறது. சரி, அந்தப் பேச்சைக் கேட்கவும் அருகில் ஒருவர் உட்கார வேண்டும் அல்லவா?

செவிலியர் சகோதரிகளை நான் குறை சொல்லவில்லை. இருக்கிற இரண்டு கைகளோடு அத்தனை பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். கைப்பிடி இல்லாத, சாய்மானம் உள்ள நாற்காலிதான் கேட்கிறோம். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து உட்கார அதுதான் வசதி. ஒன்றை நானே வாங்கித் தருகிறேன். அம்மாவை உள்ளே விடுங்கள் என்று அதிகாரிகளுக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து ஊராட்சித் தலைவர் ஐயா போடுகிறார். தேநீர் குடிக்கப் போகும் வழியில் நீங்களும் போட்டுவிடுங்கள்.