டியூப் எடுத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுவதுமாக எடுத்துக்கொண்டவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீர் டியூபையும் எடுத்துவிடுவார்கள். பலருக்கு அன்றைக்கே வேட்டி நனையும். இருமினால் கசியும், நாற்காலியை விட்டு எழுந்தால் கசியும். இப்படி ஆகும் என்று முன்பே யாரும் சொல்லியிருக்காவிட்டால் மனிதர் இடிந்துபோவார். கல்யாணம் காட்சிக்குப் போக மாட்டார். வீட்டுக்காரம்மாவிடம்கூட வாய் திறக்க மாட்டார்.

சிறுநீரை நிறுத்திவைக்க மேலும் கீழுமாக இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. சுரப்பியை எடுக்கும்போது மேலே இருப்பதன் பலம் பெரும்பாலும் போய்விடும். கீழே இருப்பது தனியாகச் சமாளிக்க வேண்டும். அதைத்தான் பழக்குகிறோம்.

வாயு பிரியாமல் அடக்குவீர்கள் அல்லவா, அப்படி ஆசனவாயை உள்ளே இழுங்கள். ஆண்குறி லேசாக உள்வாங்கினால் சரியான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். சில நொடி பிடித்து, அதே அளவு தளர விடுங்கள். என்னிடம் வருகிற பலர் மூச்சைப் பிடித்து வயிற்றை முக்குவார்கள். அது கசிவைக் கூட்டத்தான் செய்யும். டியூப் இருக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொண்டால் ரொம்ப நல்லது. வலியும் பதற்றமும் இல்லாதபோது தசை சுலபமாகப் பிடிபடும்.

தசை பிடிபட்டதும் அதை வேளை பார்த்துப் பயன்படுத்த வேண்டும். இருமல் வருகிறதா, முதலில் இறுக்குங்கள், பிறகு இருமுங்கள். எழுவதற்கு முன்பும் அப்படியே. திடீரென்று அவசரமாக வந்தால் கழிப்பறைக்கு ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நாலைந்து முறை இறுக்கித் தளர விடுங்கள். அவசரம் தணிந்ததும் நடந்து போங்கள். எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைக்க வேண்டுமானால் காபி, டீயைக் குறையுங்கள்.

வருஷக்கணக்காகிவிட்டது, இனி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011-இல் அமெரிக்காவில் 208 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. எல்லோருக்கும் ஆபரேஷன் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சிலருக்கு 17 ஆண்டுகள்கூட. இந்தப் பயிற்சிகளை 8 வாரம் செய்தவர்களுக்குக் கசிவு சராசரியாக 55 சதவீதம் குறைந்தது. செய்யாதவர்களுக்கு 24 சதவீதம்தான். கருவி வைத்துத் தசையைத் தூண்டும் சிகிச்சையைச் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. ஆகவே விலை உயர்ந்த மெஷினைத் தேடி அலைய வேண்டாம். பயிற்சிக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் அதற்கென்று அறுவைச் சிகிச்சைகள் இருக்கின்றன. சிறுநீரியல் மருத்துவரிடம் கேளுங்கள். டியூப் எடுத்த பின் சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.