பாக்குறது வேற, பண்றது வேற: ஷீலா மெக்கில்ரைத் ஆராய்ச்சி பத்தி நான் பேசினது

எல்லாருக்கும் வணக்கம். நான் பேசப்போற விஷயத்துக்கு வலைச்சேவைகளின் தானியங்கி ஒருங்கிணைப்புன்னு பேரு, வலைச்சேவைன்னா ஒரு சைட் மத்த ப்ரோக்ராம்களுக்கு குடுக்கற வசதி, பயந்துடாதீங்க, விஷயம் ரொம்ப சாதாரணம். வெளியூர்ல ஒரு மீட்டிங்னு வைங்க, ஃப்ளைட் ஒரு சைட்ல, ஹோட்டல் இன்னொண்ணுல, வண்டி மூணாவதுல, இதுல தேதிய மாத்தினா அதுல ரூம் இல்லங்குது, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பி. இத்தனையையும் கம்ப்யூட்டரே கோத்துக் குடுக்குமாங்கறதுதான் கேள்வி.

2001ல இத ஒழுங்கா கேட்டவங்கள்ல முக்கியமானவங்க ஷீலா மெக்கில்ரைத்னு ஒரு ஏஐ ஆராய்ச்சியாளர். அப்போ ஸ்டான்ஃபோர்டுல இருந்தாங்க, அப்புறம் டொராண்டோ பல்கலைக்கழகத்துல ப்ரொஃபஸர். அந்த வருஷம் டிரான் காவ் சன், ஹோங்லெய் செங் ரெண்டு பேரோட ஒரு கட்டுரை எழுதினாங்க, 2002ல சன் கூட இன்னொண்ணு. எனக்குப் பிடிச்சது ரெண்டாவதுதான், அதுலதான் சரக்கு இருக்கு.

டொராண்டோல கோலாக்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி ஏற்கெனவே இருந்துச்சு, ரே ரைட்டர், ஹெக்டர் லெவெக்னு அங்க இருந்த ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் சேந்து பண்ணது, ரோபோவுக்கு வேலை சொல்றதுக்கு. அதுல என்ன விசேஷம்னா ப்ரோக்ராம முழுசா எழுத வேண்டாம். நம்ம வீட்ல சாம்பார் எப்படி வைக்கணும்னு கேட்டா அம்மா என்ன சொல்வாங்க, பருப்ப வேகவை, காய் எது இருக்கோ அத போடுன்னுதானே? எந்தக் காய்ங்கறது அன்னிக்கு கூடைய பாத்து முடிவாகும். கோலாக்கும் அப்படித்தான், சில எடத்த திறந்தே விட்டுடலாம், மெஷின் யோசிச்சு நிரப்பிக்கும். மெக்கில்ரைத் இத வெப்புக்கு கொண்டு வந்தாங்க. பயணத்துக்கு பொதுவா ஒரு செய்முறை, அதுக்கு மேல ஆளாளுக்கு தன்னோட நிபந்தனை: அஞ்சு மணி நேரத்துல போய்டலாம்னா கார்லயே போறேன், ராத்திரி ஃப்ளைட் வேண்டாம், இப்படி. செய்முறை ஒண்ணுதான், வர்ற ப்ளான் ஒவ்வொருத்தருக்கும் வேற. ரெண்டு படிக்கு நடுவுல தேவைப்பட்டா இன்னொரு வேலைய மெஷினே நுழைச்சுக்கவும் ஒரு வழி சேத்தாங்க.

இப்போ கொஞ்சம் கவனிங்க, நான் இங்க பேச வந்ததே இதுக்குத்தான். சீட் இருக்கா, விலை என்னன்னு கேக்கறது ஒரு வகை, அது உலகத்துல எதையும் மாத்தாது. டிக்கெட் போடறது இன்னொரு வகை, காசு போய்டும். அவங்க சொன்னது, முதல் வகைய யோசிக்கும்போதே நிஜமாவே ஓட்டிப் பாரு, ரெண்டாவது வகைய மனசுக்குள்ள மட்டும் நடத்திப் பாரு, முழு ப்ளானும் தேறினப்புறம் கைய வை. சரி, பாத்த சீட்டு அதுக்குள்ள போய்டுச்சுன்னா? அதையும் மழுப்பல, கேட்டு வாங்கின தகவல் ஓரளவு நேரம் மாறாம இருக்கும்ங்கறது நாங்க வெச்சுக்கற அனுமானம்னு கட்டுரையிலயே பேர் வெச்சு எழுதிட்டாங்க. பண்டிகை சமயத்துல டிக்கெட் போட்டவங்களுக்கு இந்த அனுமானம் எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியும்!

இதெல்லாம் ஊர் முழுக்க ஓடுச்சான்னா, இல்ல. ஒவ்வொரு சேவையும் தனக்குள்ள என்ன போகும், என்ன வரும், அதுக்கு முன்னாடி என்ன இருக்கணும், நடந்தப்புறம் என்ன மாறும்னு லாஜிக்ல எழுதி வெக்கணும், அதுக்கு டாமல்-எஸ், அப்புறம் 2004ல வெப்புக்கு தரம் வகுக்கற டபிள்யூ3சி அமைப்புக்குப் போன அவுல்-எஸ்னு வடிவம்லாம் வந்துச்சு. ஆனா கம்பெனிக்காரன் எவன் உக்காந்து எழுதுவான்? சேவைகள பட்டியல் போட்டு வெச்சிருந்த பொது யூடிடிஐ பதிவேட்டையே ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூணும் 2006ல இழுத்து மூடிட்டாங்க. ஆராய்ச்சி உலகம் மட்டும் மறக்கல, 2011ல மெக்கில்ரைத்துக்கும் இன்னும் சிலருக்கும் சேத்து செமான்டிக் வெப் அமைப்போட, அதாவது மெஷினுக்கும் அர்த்தம் புரியற வெப்ப ஆராயறவங்களோட, பத்து வருஷ விருது கிடைச்சுது, பத்து வருஷம் முன்னாடி அந்த மாநாட்டுல வந்த கட்டுரைகள்ல எது அதிகமா தாக்கம் பண்ணுச்சோ அதுக்கு. விருத விட எனக்கு பெரிசா தெரியறது வேற, அவங்க கேட்ட கேள்வி இப்போ வேற சட்டை போட்டுட்டு வந்திருக்கு.

ஏஐ ஏஜென்ட்னு சொல்றாங்கல்ல, அது என்ன பண்ணுது, சேவையோட விவரத்த படிச்சு அதுவே கோத்துக்குது, விவரம் சாதாரண இங்கிலீஷ்ல இருந்தா போதும், லாஜிக் எழுத ஆள் தேட வேண்டாம். அன்னிக்கு மாட்டின முடிச்சு அவுந்துடுச்சு. ஆனா முன்னாடி என்ன இருக்கணும், அப்புறம் என்ன மாறும்ங்கற கணக்க பல எடத்துல விட்டுட்டாங்க. போன மாசம் ஒரு அசிஸ்டன்ட் கிட்ட ட்ரிப் போடச் சொன்னேன், பேர் வேண்டாம். பஸ் டிக்கெட்ட முதல்ல போட்டுடுச்சு, அப்புறம் ரொம்ப பவ்யமா சொல்லுது, சார், அந்த தேதில ரூம் எதுவும் இல்லன்னு.