மொய் நோட்டில் இருக்கும் குடும்பம்

திருச்சி வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆடி, ஆவணி மாதங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் மொய் விருந்துப் பந்தல்களாக இருக்கும். மொய் வாங்குவதற்காகவே வைக்கும் விருந்து அது. ஒரே பந்தலில் பல குடும்பங்கள் சேர்ந்து விருந்து வைப்பதும் உண்டு. கறிக்குழம்போடு சாப்பாடு போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் வரிசையாக மேசைகள். ஊரையும் பேரையும் சொல்லி, தொகையை எழுதச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பணம் எண்ணும் இயந்திரமும் கணினி ரசீதும்கூட இப்போது வந்துவிட்டன. இந்த வழக்கத்தில் கடன் சுமையும் இருக்கிறது, கௌரவப் போட்டியும் இருக்கிறது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதற்காகத் தோட்டை அடகு வைத்த பெண்களை எனக்குத் தெரியும். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். நான் இன்று பேச வந்தது அந்த மேசைமேல் விரித்திருக்கும் நோட்டைப் பற்றி.

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். என் அப்பா எழுதி வைத்த மொய் நோட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. நீளவாக்கு நோட்டுகள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். 1968-இல் நடந்த அப்பா அம்மா கல்யாணத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்றுதான் வரிகள் ஓடுகின்றன. பணம் இல்லாதவர்கள் கொண்டுவந்தது அப்படியே பதிவாகியிருக்கிறது: நெல் ஒரு மரக்கால், தேங்காய் பத்து, பித்தளைச் செம்பு ஒன்று. அப்புறம் என் காதுகுத்து, தம்பி காதுகுத்து, என் மஞ்சள் நீராட்டு, புதுவீடு குடிபோனது, 1992-இல் என் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் யாரும் நாட்குறிப்பு எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் இவ்வளவு இருந்திருக்காது. எந்த நல்லநாளில் யார் யார் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள் என்பது ஊர் பேரோடு இதில் இருக்கிறது.

அந்த நோட்டை அப்பா ஒரு கணக்குப் புத்தகமாக மட்டும் வைத்திருக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து பத்திரிகை வந்தால் முதலில் நோட்டை எடுத்து, அவர்கள் நமக்கு எப்போது என்ன செய்தார்கள் என்று பார்ப்பார். அதே தொகையைச் செய்ய மாட்டார், மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் செய்வார். எங்கள் பக்கம் எல்லோருமே அப்படித்தான். சரிக்குச் சரி திருப்பிவிட்டால் கணக்கு முடிந்துபோகும், அப்புறம் வருவதற்கும் போவதற்கும் என்ன இருக்கிறது? அதனால் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியைத்தான் நான் நன்றி என்று நினைக்கிறேன். நிற்கிறவரை போக்குவரத்து இருக்கும். பெண்ணைக் கொடுத்த வீடு, பக்கத்து வயல்காரர், எப்போதோ பிரசவத்துக்கு வண்டி கட்டிக்கொடுத்தவர் என்று யாரையும் அது கைவிடாது.

2018 நவம்பர் 16. கஜா புயல் விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய நாள். பொழுது விடிந்தபோது எங்கள் பகுதியில் தென்னந்தோப்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. தாத்தா காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. எங்கள் பக்கத்தில் தென்னைதான் பிள்ளைகளின் படிப்பு, தென்னைதான் கல்யாணம். மரம் போனதும் நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணங்கள் தள்ளிப்போயின. அடுத்த ஆடியில் மொய் விருந்துகள் குறைந்தன. வந்த மொய்யும் மெலிந்தது. கொடுக்க வேண்டியவர் தோப்பும் சாய்ந்துதானே கிடக்கிறது, யாரைப் போய்க் கேட்பது?

அந்த நாட்களில் வந்த உதவிகளை எந்த நோட்டிலும் எழுத முடியவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். சேற்று வயலில் இறங்கி, கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். எங்கள் தெருவில் வேலை பார்த்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு சட்டி என்று சோறு ஆக்கிக் கொண்டுபோனோம். விளக்கு எரிந்த அன்று மாலை அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். பேர் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களால் போக முடியாது. இந்த வானொலி அவர்களில் யாருக்காவது கேட்கும் என்றால், பேராவூரணிப் பக்கத்துச் சனங்கள் உங்களை மறக்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

மறு வருஷம் அப்பா தென்னங்கன்று வைத்தார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. சீக்கிரம் காய்க்கும், குட்டை ரகமாக வையுங்கள் என்று தம்பி சொன்னான். அப்பா கேட்கவில்லை, நெட்டைதான் வைத்தார். நெட்டை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். "பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான், தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லிக்கொண்டே குழி வெட்டினார். நெட்டை என்றால் அறுபது வருஷத்துக்கு மேல் நிற்கும், பேரன் பேத்திகள் கல்யாணத்துக்குக் காய் வேண்டாமா என்பது அவர் கணக்கு.

2021 ஜூனில் அப்பா போய்ச் சேர்ந்தார். கொரோனா ஊரடங்கு நேரம். பேருந்து கிடையாது. திருச்சியிலிருந்து இ-பதிவு செய்து வாடகைக் காரில் போனேன். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. ஐம்பது வருஷமாக நல்லது கெட்டது எதையும் விடாமல் எல்லோர் வீட்டுக்கும் போய்வந்த மனுஷர் அவர். அந்த நோட்டில் இருக்கிற எத்தனையோ பேரில் ஒரு சிலர்தான் வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

அன்று அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். புருஷனை இழந்தவளுக்கு அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும் என்பது முறை. ஜவுளிக்கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, ஸ்கூட்டரில் தனியாக வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மடிப்புக் கலையாத சேலை. அத்தை தனக்கென்று எடுத்து, உடுத்தாமல் பீரோவில் வைத்திருந்த சேலை. "எங்க அக்கா கோடி இல்லாம உக்காந்திருக்கக் கூடாது" என்று அத்தைதான் எடுத்துக் கொடுத்தனுப்பினாராம். 1968-இல் அம்மாவின் கல்யாணத்தில் மாமா சின்னப் பையன். என் காதுகுத்தில் என்னை மடியில் வைத்திருந்தவர். என் கல்யாணத்தில் சீர்த்தட்டு சுமந்து முன்னால் நடந்தவர். அதே கை அன்று கோடியைப் போர்த்தியது. எங்கள் குடும்பத்தின் எல்லா நாட்களுக்கும் அந்தக் கைதான் முன்னால் வந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா நோட்டை எடுத்து வரச் சொன்னார். "அத்தை சேலையை எழுது" என்றார். துக்கத்துக்கு வந்ததை நோட்டில் எழுதும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் எழுதினேன்.

பேருந்து ஓடத் தொடங்கியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாளில் இரண்டு பேர், சில நாள் நாலைந்து பேர். அந்த வருஷம் கார்த்திகை வரைக்கும் துக்கம் விசாரிக்க வந்துகொண்டே இருந்தார்கள். திண்ணையில் அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். போகும்போது துக்க வீட்டு வழக்கப்படி, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். அவர்கள் போன பிறகு நான் நோட்டில் தேடிப் பார்ப்பேன். அனேகமாக எல்லோர் பேரும் இருக்கும். "தேங்காய் பத்து" என்று எழுதியிருந்த வீட்டிலிருந்து ஒரு பேரன் வந்தான். அவன் தாத்தாவை அப்பா மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போன கதையை அவன் சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். ஈமத்துக்கு வர முடியாதவர்கள் எல்லோரும், ஆறு மாதம் ஆனாலும், வந்து கணக்கைத் தீர்க்காமல் தொடர்ந்துவிட்டுப் போனார்கள். என் கோபம் அப்படித்தான் கரைந்தது.

அப்பா வைத்த தென்னைகள் இப்போது பாளை விட்டுக் காய்க்கின்றன. அவர் தின்னவில்லை. முதல் குலை இளநீரை அம்மா குலதெய்வத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தெருவில் அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டக் கைகொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அனுப்பினார்.

வருகிற வைகாசியில் என் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். என் மகன் முதல் தடவையாகத் தாய்மாமனாக உட்காரப் போகிறான். மடியில் பிள்ளையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று என் மாமாவிடம்தான் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான். புது நோட்டு வாங்கியாகிவிட்டது, பிள்ளையார் சுழியை அம்மா போட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் மாசியில் மாமா வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம் வருகிறது. அதில் நாங்கள் செய்ய வேண்டியதை அப்பாவின் நோட்டைப் பார்த்து எடுத்து எழுதிவிட்டேன். அத்தைக்கு ஒரு பட்டுச்சேலையும் எடுத்தாயிற்று. நிறம் அம்மா தேர்ந்தெடுத்தது.

வணக்கம்.