ஓர் ஐகாரத்தில் தப்பியிருக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். ஏதாவது ஒரு நாளின் பழைய செய்தித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் தலைப்புகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுங்கள் என்று கேட்டார்கள். சிரிக்கவைக்கும் பொறுப்பை நான் ஏற்கவில்லை. 1948 நவம்பர் 3ஆம் தேதி வந்த ஒரு முதல் பக்கம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பத்திரிகை, சிகாகோ டிரிப்யூன். அமெரிக்காவில் அதற்கு முந்தைய நாள்தான் ஜனாதிபதித் தேர்தல். பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமனும் குடியரசுக் கட்சியின் நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயியும் மோதினார்கள். பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொட்டை எழுத்தில் மூன்றே சொல்: ‘ட்ரூமனை டூயி வென்றார்’. சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் அச்சாகிவிட்டன. ஜெயித்தவர் ட்ரூமன்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய தலைப்போடு வந்த சின்னத் தலைப்பு. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் குடியரசுக் கட்சி வாரிச் சுருட்டும் ‘அறிகுறி’ தெரிகிறதாம். கவனியுங்கள், சின்ன எழுத்தில் அறிகுறி. பெரிய எழுத்தில் ‘வென்றார்’. எழுத்து பெருக்கப் பெருக்க அடக்கம் குறையும் போலிருக்கிறது. இடமும் ஒரு காரணம்தான். ‘பெரும்பாலும் வெல்லக்கூடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதைக் கொட்டை எழுத்தில் கோத்துப் பாருங்கள், பக்கம் போதாது.

நானும் கொஞ்ச காலம் ஒரு பத்திரிகையில் இரவுப் பணியில் துணையாசிரியனாக இருந்தவன். தேர்தல் இரவில் எங்கள் ஃபோர்மன் மை படிந்த கையோடு வந்து மேசை ஓரத்தில் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். என்னைப் பார்ப்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி என்னைப் பார்ப்பார். “சார், பக்கத்தை மூடிடலாமா?” அந்தக் கேள்விக்கு ‘இன்னும் எண்ணி முடிக்கவில்லையே’ என்று பதில் சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வந்துவிடாது. அதனால் டிரிப்யூன்காரர்கள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

அவர்களுக்கு நெருக்கடி எங்களைவிட அதிகம். ஓராண்டாக அங்கே அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செய்தியைத் தட்டச்சு செய்து, படம்பிடித்து, அதிலிருந்து அச்சுப்பாளம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு நேரம் பிடிக்கும். எனவே வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே பக்கத்தை மூடவேண்டிய கட்டாயம். வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. தலைப்போ உடனே வேண்டும். வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கைக் கேட்டார்கள். அவர் முந்தைய இருபது ஆண்டுகளில் நடந்த ஐந்து தேர்தல்களில் நான்கைச் சரியாகச் சொன்னவர். டூயிதான் என்றார். கதை முடிந்தது. அவசரத்தில் அதே பக்கத்தில் ஐந்து வரிகள் தலைகீழாகவும் அச்சாகிவிட்டன. அதைப் பிற்பாடு யாரும் பெரிதாகப் பேசவில்லை. தலை போகிற இடத்தில் தலைகீழ் வரியை யார் பார்க்கப்போகிறார்கள்?

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த வேலைநிறுத்தத்துக்குக் காரணம் தொழிற்சங்கங்களுக்குக் கடிவாளம் போட 1947இல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி என்ற தொழிலாளர் சட்டம். ட்ரூமன் அதைத் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார்; நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. அவர் வேண்டாம் என்ற சட்டத்தால் வேலைநிறுத்தம், வேலைநிறுத்தத்தால் அவசரம், அவசரத்தால் அவரையே தோற்கடித்த தலைப்பு. அதே பத்திரிகை அதற்கு முன்பு அவரை மடையர் என்று எழுதியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரிப்யூன் மட்டும் தனியாக விழவில்லை, கூட்டமாகத்தான் விழுந்தார்கள். தேர்தலுக்கு முன் நியூஸ்வீக் ஐம்பது அரசியல் எழுத்தாளர்களைக் கேட்டது; ஐம்பது பேரும் டூயி என்றார்கள். ஒருவராவது மாற்றிச் சொல்லியிருந்தால் இன்று அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். கருத்துக்கணிப்பாளர் எல்மோ ரோப்பர், முடிவுதான் தெரிந்துவிட்டதே என்று செப்டம்பரிலேயே கணிப்பை நிறுத்திவிட்டார். லைஃப் இதழ் படகில் போகும் டூயியின் படத்தைப் போட்டு, அடியில் ‘அடுத்த ஜனாதிபதி’ என்று குறிப்பு எழுதியது. தேர்தலுக்கு மறுநாள் வெளிவந்த ட்ரூ பியர்சனின் பத்தி, டூயியோடு வெள்ளை மாளிகைக்குக் குடிபோகப்போகிறவர்கள் யார் யார் என்று விவரித்தது. ஆளே வரவில்லை, அறை ஒதுக்கியாகிவிட்டது.

மொழியிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயரின் இடத்தைப் பொறுத்துத்தான் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று தெரியும். முடிவு மாறினால் மொத்தத் தலைப்பையும் கலைத்துக் கோக்கவேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘ட்ரூமனை டூயி வென்றார்’ என்று இருப்பதில் னையை எடுத்துவிட்டு ‘ன்’ போடுங்கள், டூயிக்குப் பக்கத்தில் ஒரு ‘யை’ சேருங்கள்: ‘ட்ரூமன் டூயியை வென்றார்’. இரண்டாம் வேற்றுமை உருபு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது, ஆட்சியும் போனது! அப்போதெல்லாம் னை தும்பிக்கை வைத்த எழுத்து வேறு. யானையைத் தூக்கி இடம் மாற்றியதுபோல் கம்பீரமாக இருந்திருக்கும்.

சிகாகோக்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அன்றிரவே அடுத்த பதிப்பில் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, ‘மாநிலப் பதவிகளை ஜனநாயகக் கட்சி வாரிச் சுருட்டியது’ என்று போட்டார்கள். சில மணி நேரத்துக்கு முன் அதே மாநிலத்தைக் குடியரசுக் கட்சி வாரிச் சுருட்டும் அறிகுறி தெரிந்தது இந்தக் கண்களுக்குத்தான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதை இதைவிடப் பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் முதல் பதிப்பு ஊருக்குள் போய்விட்டதே. நவம்பர் 4ஆம் தேதி ட்ரூமன் வாஷிங்டனுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, செயின்ட் லூயிஸ் நிலையத்தில் அவர் கைக்கு ஒரு பிரதி வந்தது. கடைசிப் பெட்டியின் மேடையில் நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். வாயெல்லாம் பல். தேர்தலில் வென்ற யாரும் தன் தோல்விச் செய்தியை இவ்வளவு பாசத்தோடு ஏந்தியதில்லை.

வானொலியில் உட்கார்ந்துகொண்டு பத்திரிகைகளை இப்படி வாரலாமா என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். தேர்தல் இரவில் ட்ரூமன், மிசௌரி மாநிலத்து விடுதி ஒன்றில் சாண்ட்விச்சும் பாலும் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடே படுத்துவிட்டார். நள்ளிரவு வாக்கில் விழித்து ரேடியோவைத் திருகினார். என்பிசி வானொலியில் புகழ்பெற்ற செய்தி விமர்சகர் கால்டன்பார்ன் பேசிக்கொண்டிருந்தார். ஜனாதிபதி பத்து லட்சம் வாக்கு முன்னிலையில் இருக்கிறார், ஆனாலும் தோற்றுவிடுவார் என்பது அவர் கணக்கு. ட்ரூமன் ரேடியோவை அணைத்துவிட்டு மறுபடி தூங்கப் போனார். அடுத்த ஜனவரியில், பதவியேற்புக்கு முதல் நாள் விருந்தில், அந்தக் குரலை ஏற்ற இறக்கம் மாறாமல் பேசிக் காட்டினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

இந்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். கையில் மைதான் இல்லை. மூடிடலாம் சார். வணக்கம்.