கேரளா தோக்கவே இல்லையே, அப்புறம் எப்படி விதர்பாவுக்குக் கோப்பை?

சரி, அடுத்த கேள்வி, இந்திய உள்நாட்டு டீம்கள் மோதுற ரஞ்சி டிராபி கிரிக்கெட் பத்தி. "அண்ணா, 2024-25 ரஞ்சி சீசன்ல கேரளா ஒரு மேட்ச்கூட தோக்கல. ஃபைனலும் டிரா. அப்புறம் கோப்பையைத் தூக்கி விதர்பாகிட்ட குடுத்தது எந்த ஊர் நியாயம்?"னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. கொஞ்சம் சூடாவே கேட்டிருக்காரு.

தம்பி, கேரளா தோக்கலங்கறது உண்மைதான். ஆனா நாக்-அவுட்ல, அதாவது குவார்ட்டர், செமி, ஃபைனல்ல, ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவும் இல்லையே, அதைச் சொல்லாம விட்டுட்டீங்க!

விதி என்னன்னா, லீக் மேட்ச் நாலு நாள், நாக்-அவுட் அஞ்சு நாள். லீக்ல நேரடியா ஜெயிச்சா 6 பாயிண்ட். அதுவே இன்னிங்ஸ் வெற்றி, இல்ல பத்து விக்கெட் வெற்றின்னா 7. டிரா ஆச்சுன்னா ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ் லீட் எடுத்தவங்களுக்கு, அதாவது முதல் இன்னிங்ஸ்ல எதிராளியை விட அதிக ரன் எடுத்தவங்களுக்கு, 3, மத்தவங்களுக்கு 1. நாக்-அவுட்ல பாயிண்ட் பேச்சே இல்ல. யாராவது ஒருத்தர் மேல போயாகணும், அதனால டிராவுல முடிஞ்சா லீட் யாருகிட்டயோ அவங்கதான். ஒரு ரன் இருந்தாலும் போதும்.

ஒரு ரன்னுன்னு பேச்சுக்குச் சொல்லல. புனேல குவார்ட்டர் ஃபைனல். ஜம்மு காஷ்மீர் 280. கேரளா 200க்கு 9 விக்கெட். ஆளாளுக்கு டிவியை ஆஃப் பண்ணிட்டுப் போற நேரம். சல்மான் நிசாரும் பேசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 ரன் சேத்தாங்க. கேரளா 281. அந்த ஒத்தை ரன்தான் லீட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 399 டார்கெட். அடிக்க வேண்டிய அவசியமே இல்ல, ஆல் அவுட் ஆகாம நின்னா போதும். 295க்கு 6, டிரா, செமி ஃபைனல்.

அகமதாபாத்ல குஜராத்தோட செமி. கேரளா 457, முகமது அசாருதீன் மட்டும் அவுட் ஆகாம 177. குஜராத் பதிலுக்கு வந்து வந்து 455க்கு 9. சமமாக ரெண்டு ரன், லீட் எடுக்க மூணு. பந்து ஆதித்ய சர்வாதே கையில. நாக்வாஸ்வாலா ஓங்கி ஒரு ஸ்வீப். அது நேரா ஷார்ட் லெக்ல நின்ன சல்மான் நிசாரோட ஹெல்மெட்ல 'டங்'குனு பட்டு, அப்படியே மேல எழும்பி, ஸ்லிப்ல நின்ன கேப்டன் சச்சின் பேபி கையில போய் உக்காந்துச்சு. அவுட்! ரெண்டு ரன் லீட். 

"ஹெல்மெட்ல பட்டா எப்படிண்ணா கேட்ச்?"னு அன்னைக்கே நிறைய பேர் கேட்டீங்க. முன்னாடி செல்லாதுதான். 2017ல விதியை மாத்தினாங்க. ஃபீல்டர் தலையில போட்டிருக்கிற ஹெல்மெட்ல பட்டு வந்தா இப்போ கேட்ச் செல்லும். கீப்பருக்குப் பின்னாடி கீழ வச்சிருக்கிற ஹெல்மெட்ல பட்டாதான் 5 ரன் பெனால்டி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இப்போ ஃபைனல், நாக்பூர். கேரளாவுக்கு வாழ்க்கையில முதல் ரஞ்சி ஃபைனல். டாஸ் ஜெயிச்சு பௌலிங் எடுத்தாங்க, விதர்பா 24க்கு 3. அங்கேர்ந்து டேனிஷ் மலேவாரும் கருண் நாயரும் 215 ரன் பார்ட்னர்ஷிப் போட்டாங்க. மலேவார் 153. மொத்தம் 379. கேரளா ஆடுறப்போ சர்வாதே 79. இவர் விதர்பாவுக்காக ரெண்டு தடவை ரஞ்சி ஜெயிச்ச ஆளு, அந்த சீசன்லதான் கேரளாவுக்கு வந்தாரு. சொந்த ஊர்லயே பழைய டீமுக்கு எதிரா நின்னு ஆடினாரு. சச்சின் பேபி 98. லீட் எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருக்கு. அப்போ போய் ஒரு ஸ்லாக் ஸ்வீப், பௌண்டரி பக்கத்துல கருண் நாயர் கையில கேட்ச். என்னைக் கேட்டா ஃபைனல் முடிஞ்சது அந்தப் பந்துலதான். மிச்ச விக்கெட்டும் சட்டுனு போயி 342. 37 ரன் பின்னாடி.

அதுக்கப்புறம் விதர்பா ஏன் டிக்ளேர் பண்ணலன்னு இன்னொருத்தர் கேட்டிருக்காரு. எதுக்குப் பண்ணணும்? லீட் பையில இருக்கு, டிரா ஆனாலே கோப்பை. கேரளாதான் எதிராளியைச் சுருட்டி, டார்கெட்டையும் அடிச்சாகணும். கருண் நாயருக்கு 31ல ஸ்லிப்ல ஒரு கேட்ச் விட்டாங்க, அவர் 135 அடிச்சாரு. விதர்பா 375க்கு 9 வரைக்கும் ஆற அமர ஆடிட்டுக் கை குடுத்தாங்க. பாக்க அலுப்பாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா புனேல கடைசி நாள் கேரளா கட்டை போட்டதும் இதே கணக்குலதானே?

தமிழ்நாட்டுக்காரங்க நமக்கு இது புது வலியும் இல்ல. 2011-12 ஃபைனல், சேப்பாக்கம். ராஜஸ்தான் 621. வினீத் சக்சேனா 257 அடிச்சாரு, ரெண்டு நாளுக்கு மேல நகரவே இல்ல மனுஷன். நாம 295. மேட்ச் டிரா, கோப்பை ஜெய்ப்பூருக்குப் போச்சு. சொந்த ஊர்ல தோக்காம தோத்தோம்.

விதியை மாத்தலாமான்னா, ஃபைனலையாவது ஆறு நாள் வைக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனா 2024-25 சீசனுக்கு அந்த வாதம் செல்லாது. ஃபைனலுக்கு முன்னாடி விதர்பா ஆடினது 9 மேட்ச், அதுல 8 நேரடி வெற்றி. குவார்ட்டர்ல நம்மளை 198 ரன்ல, செமில மும்பையை 80 ரன்ல. ஹர்ஷ் துபே 69 விக்கெட், ஒரே ரஞ்சி சீசன்ல அதுக்கு முன்னாடி யாரும் அவ்வளவு எடுத்ததில்ல. யஷ் ராத்தோட் 960 ரன். இந்த டீம்கிட்ட கோப்பை போனதுக்கு நியாயம் கேக்கறீங்களே தம்பி! சரி, அடுத்த கேள்வி, துலீப் டிராபி பத்தி...